சுற்றி வரும் தண்ணீர்

தண்ணீர் எங்கே போகும் என்பது எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும், சுவருக்குள் ஓடும், குழாயைத் திறந்தால் வாளியில் விழும், அப்புறம் சாக்கடைக்குப் போய்விடும். போன தண்ணீரின் முகத்தை மறுபடி யாரும் பார்ப்பதில்லை. வீடு வீடாகக் குழாய் மாட்டியே முதுகு வளைந்த எனக்கு, அதற்கு மேல் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றும் இருக்கும் என்று தோன்றியதில்லை.

"அண்ணே, வேன் எஞ்சின்ல தண்ணி வெளிய எங்கயும் போகாது. போனதே திரும்பி வரும், வந்ததே மறுபடி போகும்" என்றாள் தங்கை.

"அப்ப எதுக்குடி தண்ணி?"

"எஞ்சின்ல இருக்கற சூட்டைத் தூக்கிட்டுப் போய் ரேடியேட்டர்ல இறக்கி வைக்கும். வெறுங்கையோட திரும்பி வரும். மறுபடி தூக்கும்."

"மூட்டை தூக்கற வேலைன்னு சொல்லு."

"ஆமா. உன் சாதி சனம்தான், வா."

தங்கை வேன் ஓட்டுகிறாள். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை வீட்டு வாசலில் ஏற்றி, ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். ஆஸ்பத்திரி மேட்டின் மேலே இருக்கிறது. போன மாதம் அந்த ஏற்றத்தில் பாதியிலேயே வேன் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. தண்ணீர் கொதித்து, எஞ்சினின் தலைப்பகுதி வளைந்து, அதன் கதை முடிந்தது. ரோட்டில் போன வண்டிகளை எல்லாம் கைகாட்டி நிறுத்தி, தன் ஆட்களை ஒவ்வொருவராகக் கெஞ்சி ஏற்றி அனுப்பிவிட்டு, அவள் நடந்தே வீட்டுக்கு வந்தாள். அன்று அவள் முகத்தை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரிக்காரர்கள் தற்காலிகமாக வேறு ஒரு வேனைப் பிடித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலை அவளுடைய வேன் வந்து நின்றால் சரி, இல்லையென்றால் அந்த வேனே நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். நான் ஷெட்டுக்குப் போனது ஞாயிற்றுக்கிழமை.

ஷெட்காரனுக்குச் சைலன்சர் என்று பெயர். சத்தத்தை அடக்குகிறவன் என்று யாரும் வைத்த பெயர் இல்லை. அவன் பேசுகிற பேச்சுக்கு ஒன்று மாட்டினால் தேவலை என்று வைத்த பெயர். விபத்தில் பின்பக்கம் நசுங்கிப்போன ஒரு காரிலிருந்து எஞ்சினைக் கழற்றி வந்து, வேனுக்குள் உட்கார வைத்துவிட்டான். எஞ்சினைத் தாங்கும் கால்கள் பொருந்திவிட்டன, கியர் பெட்டியும் சேர்ந்துவிட்டது. தண்ணீர் வழிதான் பாக்கி. எஞ்சின் ஒரு கம்பெனி, வேன் வேறு கம்பெனி. எஞ்சினின் வாய் இடது பக்கம் பார்த்திருந்தது, ரேடியேட்டரின் வாய் வலது பக்கம். இரண்டும் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தன.

"கடையில இருக்கற எந்த ரப்பர் ஹோஸும் இதுக்கு ஒத்து வராது குழாயண்ணே. நடுவுல இரும்புக் குழாய் வளைச்சுப் போட்டாத்தான் ஆச்சு. வளைக்கறது உன் பாடு, மாட்டறது என் பாடு" என்றான் சைலன்சர்.

ஷெட்டின் ஒரு ஓரத்தில், பிரிந்துபோன கார் சீட்டு ஒன்றில் டெய்லரக்கா உட்கார்ந்திருந்தார். அவரும் தங்கையின் வேனில் போகிற ஆள்தான். ஷெட்டுக்கு எதிர்ச்சந்தில் வீடு. வேன் தயாராகிறதா இல்லையா என்பதைத் தன் கண்ணால் பார்க்காமல் போவதில்லை என்று வந்து உட்கார்ந்துவிட்டார்.

"அந்த இன்னொரு வேன்ல படி எம்மாம் ஒசரம் தெரியுமா? ரெண்டு பேர் கக்கத்துல கையக் குடுத்து என்னை மூட்டை மாதிரி தூக்கிப் போடறாங்க. உன் தங்கச்சி ஸ்டூல் போட்டு, கையப் பிடிச்சு, நான் உக்கார்ற வரைக்கும் வண்டிய அசைக்க மாட்டா. சீக்கிரம் முடிங்கப்பா" என்றார்.

வளைப்பதற்கு முன்னால் எஞ்சினின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சும்மா, எவ்வளவு அகலம் என்று பார்க்கத்தான் பார்த்தேன். அப்படியே நின்றுவிட்டேன். வெளியே பார்த்தால் கட்டி இரும்பு. உள்ளே அறைகளும் சந்துகளும் திருப்பங்களும். நெருப்பு எரிகிற ஒவ்வொரு உருளையையும் சுற்றிக்கொண்டு தண்ணீர் போக இடம் விட்டிருந்தது. சுவர் எழும்பிய பிறகு அதை உடைத்துக் குழாய் பதிப்பது என் பிழைப்பு. இங்கே சுவரை வார்க்கும்போதே தண்ணீர் நடக்கப்போகும் வழியையும் சேர்த்து வார்த்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் நெருப்பு, அந்தப் பக்கம் தண்ணீர், நடுவில் விரல் தடிமனுக்கு ஒரு சுவர். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

"என்ன அண்ணே, உள்ள யாராவது இருக்காங்களா?" என்றான் சைலன்சர்.

"ஒரு ஊரே இருக்குடா."

குழாயில் மணலை இடித்து நிரப்பி, இரண்டு முனையையும் அடைத்து, சூடு காட்டி வளைத்தேன். மணல் இல்லாமல் வளைத்தால் திருப்பத்தில் குழாய் நசுங்கி, தண்ணீரின் கழுத்தைப் பிடித்துவிடும். எஞ்சினின் முன்னால் குறுக்கே ஓடி, பெல்ட்டில் உரசாமல் ஒரு குனிவு குனிந்து, ரேடியேட்டரின் வாய்க்கு நேராகப் போய் நின்றது. சைலன்சர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வளைவு நல்லாத்தான் இருக்கு. ஆனா முனை மொழுக்குன்னு இருக்கே. இப்படி மாட்டினா அழுத்தம் ஏறினதும் ரப்பர் ஹோஸ் வழுக்கிட்டு வந்துரும். கொதிக்கிற தண்ணியில குளிக்கணுமா?"

"கிளிப் போட்டு இறுக்க மாட்டியா?"

"சோப்பு போட்ட கையில பிடிச்ச மீன் மாதிரி, எவ்ளோ இறுக்கினாலும் போயிரும். முனையைச் சுத்தி ஒரு வரம்பு வேணும்." சொல்லிக்கொண்டே குழாய் முனையைச் சுற்றி வெல்டிங்கில் மெல்லிய வளையம் ஒன்று ஓட்டி, அதை அரத்தால் ராவி வழவழப்பாக்கினான். ஹோஸ் அந்த வரம்பைத் தாண்டி ஏறி உட்கார்ந்ததும் நான் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

கீழ் ஹோஸ் எளிதில் முடிந்தது. அது ரேடியேட்டரின் அடியிலிருந்து, ஆறிய தண்ணீரை எஞ்சினுக்குத் திரும்பக் கொண்டுவருவது. அந்த ஹோஸ் எஞ்சினுக்குள் நுழைகிற இடத்தில்தான் தெர்மோஸ்டாட் இருந்தது. தண்ணீர் சூடேறும்வரை மூடியிருந்து, சூடேறியதும் திறந்து விடுகிற கதவு அது என்று தங்கை சொன்னாள்.

"பழைய எஞ்சின்ல இந்தக் கதவு மேல இருந்துச்சு, சூட்டுத் தண்ணி வெளிய போற வாசல்ல. இந்த எஞ்சின் செஞ்சவன் கீழ வச்சிருக்கான்" என்றாள்.

"எங்க இருந்தா என்ன, கதவு கதவுதானே" என்றான் சைலன்சர்.

எஞ்சினின் பின்பக்கம் இன்னும் இரண்டு சின்ன வாய்கள் திறந்து கிடந்தன. ஒன்று தலைப்பகுதியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று எஞ்சினின் வயிற்றோரமாக ஓடும் ஒரு சின்ன இரும்புக் குழாயின் முனை.

"இது என்ன?"

"ஹீட்டருக்குப் போற லைனு. குளிர் ஊர்ல வண்டிக்குள்ள கதகதன்னு இருக்கணும்ல? அதுக்கு. நம்ம வேன்ல ஹீட்டரே கிடையாது" என்றான் சைலன்சர்.

"இந்த வெயில்ல ஹீட்டரா? எங்களை என்ன இட்லி மாதிரி அவிக்கப் போறானா?" என்றார் டெய்லரக்கா.

"அடைச்சு விடு குழாயண்ணே."

ஆள் குடியில்லாத வீட்டுக்குப் போகிற லைனை மூடி போட்டு அடைப்பது எங்கள் வேலையில் முதல் பாடம். இரண்டு வாய்க்கும் மூடி போட்டு, சொட்டு கசியாதபடி இறுக்கினேன். மனசுக்குத் திருப்தியாக இருந்தது.

வேனின் முன்பக்கத்தை ஜாக்கி போட்டு உயர்த்தினோம். காற்று மேலேதான் ஏறும், ஆகையால் ஊற்றுகிற வாய்தான் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கவேண்டும் என்று நான் சொன்னேன். அது எந்த வீட்டுக் குழாய்க்கும் பொருந்தும். தங்கை வாளியில் மொண்டு மொண்டு ஊற்றினாள். நான் ஹோஸைப் பிசைந்து பிசைந்து விட்டேன். குமிழிகள் வந்து வந்து, கடைசியில் அடங்கின.

"எனக்கு டாக்டர் ஒரு நாளைக்கு இவ்ளோதான் தண்ணின்னு டம்ளர்ல அளந்து குடுக்கறாரு. இதுக்குப் பாரு, வாளி வாளியா. குடுத்து வச்ச பிறவி" என்றார் டெய்லரக்கா.

எஞ்சின் உடனே பிடித்தது. சத்தம் பட்டுப் போல இருந்தது. சைலன்சர் கையைத் தட்டினான். தங்கை கையைத் தட்டவில்லை. முன்கண்ணாடிக்குக் கீழே இருந்த சூட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முள் ஏறியது. பாதியைத் தொட்டது. பாதியில் நிற்கவேண்டியது, நிற்கவில்லை. சிவப்புக்குப் பக்கத்தில் போனதும் பட்டென்று அணைத்துவிட்டாள்.

நான் கையை வைத்துப் பார்த்தேன். எஞ்சின் தலை அருகே போக முடியவில்லை, அப்படி ஒரு சூடு. ரேடியேட்டர் ஜில்லென்று இருந்தது. கீழ் ஹோஸும் ஜில். ஒரே தெருவில் ஒரு வீடு பற்றி எரிகிறது, அடுத்த வீட்டுக்காரன் போர்த்திக்கொண்டு தூங்குகிறான்.

"காத்துதான் மாட்டியிருக்கு" என்றேன். ஆறவிட்டு, மறுபடி காற்றை எடுத்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை. மறுபடி ஓட்டினோம். முள் அதே வழியில் ஏறியது. தங்கை மறுபடி அணைத்தாள். அவள் விரல் சாவியிலேயே இருந்தது, எடுக்கவில்லை.

"இந்த எஞ்சினும் வளைஞ்சா எனக்கு இன்னொண்ணு கிடையாது" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"இதுக்கெல்லாம் மூஞ்சத் தூக்காதே டிரைவரம்மா. கதவு மக்கர் பண்ணுது. தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கி எறி. எல்லாரும் அப்படித்தான் ஓட்டறாங்க. கதவே இல்லைன்னா திறக்குமா திறக்காதான்னு கவலையும் இல்லை."

"பழைய எஞ்சின்ல அதை யாரு எறிஞ்சது?" என்றாள் தங்கை.

சைலன்சர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"நீதானே எறிஞ்சே? அதுக்கப்புறம்தானே அது முக்கி முனகி டீசலைக் குடிச்சுது? மறுபடி அதே வைத்தியமா?"

"அது வேற காரணம்" என்றான். அவன் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"இன்னைக்கு எப்படியோ ஓட்டிருவேன். ஆனா ஏத்தத்துல இவங்கள வச்சுக்கிட்டு, உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாம ஓட்ட மாட்டேன். கதவு கெட்டிருந்தா வேற கதவு வாங்கலாம். முதல்ல அது கெட்டிருக்கான்னு காட்டு."

தண்ணீரை வடித்துவிட்டு தெர்மோஸ்டாட்டைக் கழற்றினோம். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். நடுவில் பித்தளைக் குமிழ், சுற்றிலும் ஒரு சுருள் கம்பி, மேலே வட்ட மூடி. சைலன்சர் டீ போடுகிற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கம்பியில் கட்டி உள்ளே தொங்கவிட்டான்.

"இனி இதுல டீ போட்டா எனக்கு வேணாம்" என்றார் டெய்லரக்கா.

"உங்களுக்குத்தான் தண்ணியே அளவாச்சே, உங்க பங்கை நான் குடிச்சுக்கறேன்."

எல்லோரும் அடுப்பைச் சுற்றிக் குனிந்து நின்றோம். தண்ணீரின் அடியில் சின்னச் சின்ன முத்துகள் கட்டின. ஆவி எழுந்து என் நெற்றியை நனைத்தது. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, யாரோ உள்ளேயிருந்து தாழ்ப்பாளை மெதுவாக நீக்கியது போல, மூடி ஒரு மயிரிழை விலகியது. கொஞ்சம் நின்றது. இன்னும் கொஞ்சம் விலகியது. அப்படியே முழுதும் திறந்துகொண்டது.

டெய்லரக்காகூட எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"எதுடா தள்ளுது?" என்றேன்.

"அந்தக் குமிழுக்குள்ள மெழுகு இருக்குண்ணே. சூடு பட்டா உருகி உப்பும். உப்பினா தள்ளும். அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்றான். கரண்டும் இல்லை, காவலுக்கு ஆளும் இல்லை. கொஞ்சம் மெழுகு. அதற்கு எந்தச் சூட்டில் உருகவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அதற்கு முன்னால் யார் தட்டினாலும் திறக்காது. அதற்குப் பிறகு யார் தடுத்தாலும் நிற்காது. கம்பியைத் தூக்கி வெளியே எடுத்தேன். என் கண் முன்னாலேயே, அவசரமே இல்லாமல், கதவு மூடிக்கொண்டது. மறுபடி உள்ளே விட்டேன். மறுபடி திறந்தது. இன்னும் ஒருமுறை செய்தேன். சோதிக்க அல்ல, பார்க்க.

"அண்ணே, போதும். பொம்மை கெடைச்ச கொழந்த மாதிரி" என்றாள் தங்கை. ஆனால் அவளும் கண்ணை எடுக்கவில்லை.

கதவு நன்றாக இருக்கிறது. அப்படியானால் வண்டிக்குள் ஏன் திறக்கவில்லை? பாத்திரத்தில் அது கொதிக்கிற தண்ணீருக்குள்ளேயே தொங்குகிறது. வண்டியில் எங்கே தொங்குகிறது என்று போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் கீழ் ஹோஸ், அதில் ரேடியேட்டரின் குளிர்ந்த தண்ணீர். இன்னொரு பக்கம் எஞ்சினுக்குள் போகும் வாசல். சூடான தண்ணீர் இருப்பது மேலே, தலையில். கதவு இருப்பது கீழே, காலடியில். தலை எரிகிறது என்று காலடிக்கு யார் போய்ச் சொல்வது? ஏதோ ஒரு வழி இருக்கவேண்டும். இவ்வளவு யோசித்து வார்த்தவர்கள் அதை மட்டுமா மறந்திருப்பார்கள்?

வயிற்றோரமாக ஓடும் சின்ன இரும்புக் குழாயைத் தடவிக்கொண்டே போனேன். ஒரு முனையில் நான் போட்ட மூடி. மறுமுனை எங்கோ கை போகாத இடத்தில் இரும்புக்குள் புகுந்துவிட்டது.

"நீ அந்தக் கதவு இருந்த ஓட்டைல உள்ளங்கையை வை" என்றேன் தங்கையிடம்.

மூடியைக் கழற்றி, குழாயில் வாயை வைத்து ஊதினேன். அடைப்பு எங்கே என்று பார்க்க நாங்கள் தினமும் செய்கிற காரியம்தான். வாயெல்லாம் துருவும் எண்ணெயும். இரண்டாம் முறை இன்னும் பலமாக ஊதினேன்.

"அண்ணே" என்றாள். குரல் மாறியிருந்தது. "வருது. உன் மூச்சு என் கையில வருது."

நான் எஞ்சினின் இந்தக் கடைசியில் நிற்கிறேன், அவள் அந்தக் கடைசியில் நிற்கிறாள். நடுவில் அவ்வளவு இரும்பு. அதற்குள் என் மூச்சு இருட்டில் தட்டித் தடவி வழி கண்டுபிடித்து, என் தங்கையின் உள்ளங்கையில் போய் இறங்கியிருக்கிறது.

"சைலன்சர், இது ஹீட்டருக்கு மட்டும் போற வழி இல்லைடா. தலையில இருக்கற சூட்டுத் தண்ணி ஹீட்டரைச் சுத்திட்டு, இந்தக் குழாய் வழியா கதவுகிட்ட வருது. 'சூடாயிருச்சு, திற'ன்னு சொல்ற ஆளே இவன்தான். நாம அவன் வாயில துணியை அடைச்சுட்டோம்."

சைலன்சர் வந்து குனிந்து பார்த்தான். தானும் ஒருமுறை ஊதினான். வாயைத் துடைத்துக்கொண்டு, "அட ராஸ்கல்" என்று எஞ்சினைப் பார்த்துச் சொன்னான். திட்டாகத் தெரியவில்லை. தன் பிள்ளை மேடையில் பாடுவதைப் பார்க்கிறவனின் குரல் அது.

ஹீட்டர் இல்லையென்றாலும் வழி வேண்டும். மிச்சமிருந்த குழாயில் மணல் நிரப்பி, கைப்பிடி போல ஒரு வளைவு வளைத்து, தலையின் வாயையும் சின்னக் குழாயின் வாயையும் நேராக இணைத்தோம். சைலன்சர் முனைகளுக்கு வரம்பு வைத்தான். கதவைப் பழைய இடத்தில் உட்கார வைத்து, மறுபடி வாளி, மறுபடி குமிழி.

தங்கை சாவியைத் திருப்பினாள். நான் கீழ் ஹோஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. "பாதி" என்று அவள் குரல் கொடுத்தாள். அப்போதும் ஜில். "பாதி தாண்டுதுண்ணே." நான் கையை எடுக்கவில்லை. "அணைக்கவா?" என்றாள். "இரு" என்று சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இப்போதும் தெரியாது.

அப்போது என் உள்ளங்கைக்குள் ஏதோ அசைந்தது. ஹோஸ் லேசாகத் துடித்தது. உள்ளே ஓட்டம் வந்தது தெரிந்தது. வெதுவெதுப்பு ஏறியது. ரேடியேட்டர் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெல்ல மெல்லச் சூடாவதை டெய்லரக்கா கையை நீட்டி அனல் காய்வது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்துவிட்டது. நான் பார்க்கவில்லை, யாரும் பார்க்க முடியாது, ஆனால் அது திறந்த நொடியில் நான் அதன் பக்கத்தில் இருந்தேன்.

"இறங்குது" என்றாள் தங்கை. பிறகு, "நின்னுருச்சு. நடுவுல நிக்குது" என்றாள். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"நிக்கறது இருக்கட்டும், மேட்டுலயும் அங்கயே நிக்குமா?" என்றார் டெய்லரக்கா. அவரைத் தவிர வேறு யாருக்கும் அதைக் கேட்கும் துணிச்சல் இல்லை.

தங்கை ஸ்டூலை எடுத்துப் போட்டாள். "ஏறுங்கக்கா. பாத்துருவோம்."

நால்வரும் போனோம். வெயில் சாய்ந்திருந்தது. பழைய எஞ்சின் செத்த வளைவு வந்தது. தங்கை கியரைக் குறைத்தாள். எஞ்சின் குரலைக் கனமாக்கிக்கொண்டு இழுத்தது. முள் ஒரு இழை ஏறியது. ஏறி, யோசித்து, இறங்கி, தன் இடத்துக்கு வந்து நின்றது. வளைவு பின்னால் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, முன்மூடியைத் திறந்து நின்றோம். எஞ்சின் அணைந்த பிறகு ரேடியேட்டரின் விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்தது. யாரும் அதைப் போடவில்லை. எங்கள் மூவர் முகத்திலும் சூடான காற்று அடித்தது. கதவு, மெழுகு, விசிறி, தண்ணீர், எல்லாம் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டு வேலை செய்தன. எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கை உள்ளே போய், வண்டிகளை ஒழுங்கு செய்கிற அம்மாவை அழைத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மா எஞ்சினைப் பார்க்கவில்லை. வேனுக்குள் உட்கார்ந்திருந்த டெய்லரக்காவைப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னைக்கு உங்களுக்கு நாள் இல்லையே?"

"நாளைக்குத்தான் நாள். இன்னைக்குச் சும்மா வந்தேன், காத்து வாங்க."

"வண்டி ஏத்தத்துல நிக்கலையா?"

"நின்னா நான் உங்ககிட்ட இப்படிப் பேசிட்டிருப்பேனா? ரோட்டுல உக்காந்து உங்களைத் திட்டிட்டிருப்பேன்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். தங்கையின் பக்கம் திரும்பி, "காலையில வழக்கமான நேரத்துக்கு வந்துரு. அந்த வேனுக்கு வேணாம்னு சொல்லிடறேன்" என்றார்.

தங்கை தலையை ஆட்டினாள். முன்பக்கம் வந்து என் பக்கத்தில் நின்றாள். விசிறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மூடிட்டுக் கிளம்பலாமா?" என்றான் சைலன்சர்.

"இருடா. அதுவா நிக்கற வரைக்கும் இரு" என்றேன்.

விசிறி வேகம் குறைந்தது. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்தன. பிறகு நின்றது.